வேலை என்று சொல்லக் கூடாது

கார்டெல் பிராட்நாக்ஸின் பாடத்தை மாற்றிய தாளில் கையெழுத்துப் போட்டவள் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் கோபப்படும்போது, கோபப்பட உனக்கு என்ன யோக்கியதை என்று யாராவது கேட்டால், அந்தக் கேள்வி நியாயமானதுதான்.

கால்டர் மாநிலப் பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறையில் பதினான்கு வருடம் கல்வி ஆலோசகராக இருந்தேன். அமெரிக்க ஃபுட்பால் அணிப் பையன்கள் எந்த வகுப்பில் சேர வேண்டும், எத்தனை மதிப்பெண் எடுத்தால் ஆட்டத்தில் இறங்கலாம், எவன் கட்டுரை எழுதாமல் ஏமாற்றுகிறான், இதெல்லாம் என் பொறுப்பு. எண்பதாயிரம் பேர் உட்காரும் மைதானத்துக்கு அடியில், ஜன்னல் இல்லாத ஓர் அறையில் இருந்தேன். சனிக்கிழமை மேலே கூட்டம் குதித்தால் என் மேசை விளக்கு ஆடும்.

கார்டெல் 2008 ஆகஸ்டில் வந்தான். பதினெட்டு வயது, நூற்று முப்பது கிலோ. பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவன் அல்ல அவன். ஓடுகிறவன்மேல் எதிரணி பாயாதபடி முன்னால் நின்று முட்டித் தள்ளுகிற ஐந்து பேரில் ஒருவன். அவர்கள் முகம் டிவியில் வராது. அவர்கள் எண் போட்ட சட்டையைக் கடையில் யாரும் வாங்குவதில்லை. ஆனால் அவர்கள் ஐந்து பேரும் ஒரு நாள் படுத்துக்கொண்டால் அந்த எண்பதாயிரம் பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

முதல் நாளே என் அறைக்கு வந்து, நாற்காலி தாங்குமா என்று கையால் அழுத்திப் பார்த்துவிட்டு உட்கார்ந்தான். சொந்த ஊரில் மூன்று கோடை விடுமுறைகள் மருந்துக்கடையில் வேலை பார்த்திருக்கிறான். மருந்தியல் படிக்க வேண்டுமாம். அதற்கு என்னென்ன வகுப்பு வேண்டும் என்று ஒரு தாளில் தானே எழுதிக்கொண்டு வந்திருந்தான். முதல் வரியில் கெமிஸ்ட்ரி.

கெமிஸ்ட்ரி ஆய்வுக்கூடம் செவ்வாயும் வியாழனும் மதியம் இரண்டு மணிக்கு. அணியின் கூட்டமோ தினமும் ஒன்றே முக்காலுக்குத் தொடங்கும். அவன் எதிரிலேயே துணைப் பயிற்சியாளருக்குப் போன் போட்டேன். அவர் சிரித்தார். இவனைக் குப்பி கழுவவா கூட்டி வந்தோம் என்றார். நான் போனை வைத்துவிட்டு, இந்த ஒரு வருடம் மட்டும் வேறு பாடம் எடு, அடுத்த வருடம் பார்க்கலாம் என்று சொன்னேன். அவனைப் பொழுதுபோக்கு மேலாண்மையில் சேர்த்தேன். அதில் எல்லா வகுப்பும் மதியத்துக்கு முன்பே முடிந்துவிடும். அடுத்த வருடம் பார்க்கலாம் என்பதை அதற்கு முன் நாற்பது பையன்களிடமாவது சொல்லியிருப்பேன். ஒருவன்கூட அடுத்த வருடம் மாறியதில்லை.

எங்கள் துறையில் ஒரு வழக்கம் உண்டு. துணை இயக்குநர் டக் விண்டம் ஒவ்வொரு ஆகஸ்டிலும் எல்லாருக்கும் ஒரு தாள் அனுப்புவார். அதில் பேசக் கூடாத சொற்கள் இருக்கும். வேலை என்று சொல்லக் கூடாது, பங்கேற்பு என்று சொல்ல வேண்டும். சம்பளம், ஒப்பந்தம், லீவு என்ற சொற்கள் எழுத்தில் வரவே கூடாது. ஆட்டக்காரன் என்றுகூட எழுதக் கூடாது, மாணவ வீரர் என்றுதான் எழுத வேண்டும். நான் ஒழுங்காக அதையெல்லாம் கடைப்பிடித்தேன். மைதானத்துக்குப் போகும் வாசலுக்கு மேலே மட்டும், இரண்டடி உயர எழுத்தில், ‘வேலைக்குக் கிளம்பு’ என்று பலகை தொங்கியது. பையன்கள் ஒவ்வொருவரும் எம்பி அதைக் கையால் தட்டிவிட்டு ஓட வேண்டும். அதைத் தொங்கவிட்டவர் தலைமைப் பயிற்சியாளர் பர்டெட். அவருக்கு விண்டம் எந்தத் தாளும் அனுப்புவதில்லை. அவருடைய வருடச் சம்பளம் இருபத்தாறு லட்சம் டாலர். மாநிலத்தின் ஆளுநருக்குக்கூட அதில் பத்தில் ஒரு பங்கு கிடையாது.

2010 மார்ச்சில், ஒரு புதன்கிழமை காலை ஆறரை மணிக்குக் கார்டெலின் முழங்கால் போயிற்று. ஆட்டம்கூட இல்லை, வெறும் பயிற்சி. இரண்டு பேர் ஒருவனை முட்டித் தள்ளும் பயிற்சியில், பின்னால் தடுமாறியவன் ஒருவன் இவன் காலின்மேல் விழுந்தான். மூட்டு கழன்றுவிட்டது. மூட்டை அறுவை செய்து சேர்த்தார்கள். ஆனால் பாதத்தைத் தூக்கும் நரம்பு அறுந்திருந்தது. பாதம் தொங்கிப்போயிற்று. நடந்தால் விரல் தரையில் இழுபடும்.

நானும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பார்த்து ஆறுதல் சொல்வதற்காகப் போனேன் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் கையில் ஒரு படிவத்தோடு போனேன். அவன் அந்தப் பருவத்தின் வகுப்புகளிலிருந்து மருத்துவக் காரணத்துக்காக விலகுவதாக அதில் கையெழுத்திட வேண்டும். இல்லையென்றால் அவன் தோற்கும் பாடங்கள் அணியின் சராசரியைக் கீழே இழுக்கும். அங்கே அவன் அம்மா வெர்னீஸைப் பார்த்தேன். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். காலைச் சவாரியை முடித்துவிட்டு, சீருடையோடே நான்கு மணி நேரம் கார் ஓட்டி வந்திருந்தாள். மேசைமேல் பர்டெட் கையெழுத்துப் போட்டு அனுப்பிய பந்து இருந்தது. அவர் வரவில்லை. வருவாரா என்று வெர்னீஸ் என்னிடம் கேட்டாள். சீசன் நேரம், கொஞ்சம் கஷ்டம் என்றேன். மார்ச்சில் ஏது சீசன்? அவளுக்கும் அது தெரியும். படிவத்தை வாங்கி ஒவ்வொரு வரியாகப் படித்தாள்.

ஜூன் கடைசியில் கார்டெலுக்கு ஒரு கடிதம் போயிற்று. விளையாட்டு உதவித்தொகை ஓராண்டுக்கு மட்டுமே உரியது, வரும் ஆண்டுக்குப் புதுப்பிக்கப்படவில்லை, எதிர்காலம் சிறக்க வாழ்த்துகள். மூன்றே வாக்கியங்கள். அணிக்கு எண்பத்தைந்து உதவித்தொகைகள்தான் கணக்கு. நடக்க முடியாதவன் ஒன்றைப் பிடித்துக்கொண்டிருந்தால் ஓடுகிறவன் ஒருவனை எடுக்க முடியாதே. நரம்பை ஒட்டவைக்க இரண்டாவது அறுவை சிகிச்சைக்கு வாய்ப்பு இருப்பதாகவும், ஆறு மாதத்துக்குள் செய்தால்தான் பயன் என்றும் மருத்துவர் சொல்லியிருந்தார். இனி அந்தச் செலவு குடும்பத்தினுடையது என்று துறை சொல்லிவிட்டது. வெர்னீஸின் காப்பீட்டு நிறுவனம், காயம் ஏற்பட்ட இடம் பல்கலைக்கழகம், அங்கே போய்க் கேளுங்கள் என்றது.

அவன் விடுதி அறையைக் காலி செய்த நாளில் என் அறைக்கு வந்தான். கக்கத்தில் ஊன்றுகோல், காலில் பாதத்தைத் தாங்கும் பிளாஸ்டிக் பட்டை. திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“மிஸ் லொரேன், ஒண்ணு கேக்கணும். மொத வருசமே அந்த கெமிஸ்ட்ரிய எடுத்திருந்தா இப்ப ரெண்டு வருசம் முடிச்சிருப்பேன்ல?”

“முடிச்சிருப்ப.”

“சரி. தெரிஞ்சுக்கலாம்னுதான் கேட்டேன்.”

அவ்வளவுதான். கதவைச் சாத்திவிட்டுப் போனான். அன்றைக்கு மாலை நான் வீட்டுக்குப் போகவில்லை. அலமாரியைத் திறந்து, அவனுக்காக நான் வாரவாரம் தயாரித்த கால அட்டவணைகளை எடுத்தேன். மொத்தம் அறுபத்தொரு தாள்கள். ஃபுட்பாலுக்குச் சிவப்பு, படிப்புக்குப் பச்சை, தூக்கத்துக்கு நீலம் என்று நானே வண்ணம் தீட்டியவை. பையன்களுக்குப் புரியும்படி இருக்கட்டும் என்று செய்த ஏற்பாடு. ஒவ்வொன்றையும் நகல் எடுத்து என் பையில் வைத்துக்கொண்டேன்.

வழக்குப் போடலாம் என்று வக்கீல் யாரும் வெர்னீஸுக்குச் சொல்லித் தரவில்லை. ஆறு வருடத்துக்கு முன் பனிக்கட்டி படிந்த பேருந்துப் படியில் அவள் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டாள். தொழிலாளர் இழப்பீட்டில் மருத்துவச் செலவும் நான்கு மாதச் சம்பளமும் கிடைத்தன. மகனுக்கு எல்லாரும் கைவிரித்ததும் அதே படிவத்தை வாங்கி நிரப்பிவிட்டாள். வேலை கொடுப்பவர் என்ற இடத்தில் பல்கலைக்கழகத்தின் பெயர். பார்க்கும் வேலை என்ற இடத்தில், ‘ஆட்களை முட்டித் தள்ளுவது’. பேருந்து ஓட்டுநர்களின் வழக்குகளை நடத்தும் ஹெக்டர் சலீனாஸ் என்ற வக்கீல் முதலில் சிரித்தாராம். பிறகு கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, கட்டணம் வேண்டாம், நான் வருகிறேன் என்றாராம்.

ஜனவரியில் எனக்குச் சம்மன் வந்தது. மறுநாளே விண்டம் என் அறைக்கு வந்தார். பதினான்கு வருடத்தில் அவர் அந்தப் படிகளில் இறங்கி வந்தது அதுவே முதல் தடவை. மிரட்டவெல்லாம் இல்லை, நல்ல மனிதர், காபிகூட வாங்கி வந்திருந்தார். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொன்னால் போதும் என்றார். அந்தப் பையன்மேல் எல்லாருக்கும் வருத்தம்தான் என்றார். கடைசியில் எழுந்து நின்று சொன்னார்:

“இந்த ஒருத்தனுக்குக் குடுத்தா நாளைக்கு எல்லாரும் வந்து நிப்பாங்க லொரேன். அப்புறம் நீச்சல் கிடையாது, டென்னிஸ் கிடையாது, பொண்ணுங்க டீம் எதுவும் கிடையாது. அவங்களுக்கெல்லாம் எங்கேருந்து வருது? இந்தக் காசுலதான வருது.”

“அப்ப அந்தக் காச சம்பாதிக்கிறது கார்டெல்தான?”

அவர் காபியை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார்.

விசாரணை பிப்ரவரியில் மாநிலத் தலைநகரில், ஒரு சாதாரண அலுவலகக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் நடந்தது. பத்திரிகைக்காரர்கள் யாரும் வரவில்லை. எங்களுக்கு முன்னால் கோழிப் பண்ணையில் விரல் போன ஒருவரின் வழக்கு. அது பன்னிரண்டு நிமிடத்தில் முடிந்தது, அவருக்கு இழப்பீடு கிடைத்தது. பிறகு எங்களைக் கூப்பிட்டார்கள்.

பர்டெட் நேரில் வராமல் வாக்குமூலம் எழுதி அனுப்பியிருந்தார். என் வீரர்கள் எனக்குப் பிள்ளைகள் மாதிரி, நான் அவர்களுக்கு முதலாளி அல்ல, தகப்பன் என்று இருந்தது. பல்கலைக்கழகத்தின் வக்கீல் உருக்கமாகவே அதைப் படித்தார். இடைவேளையில் தாழ்வாரத்தில் காசு போட்டுத் தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொண்டே வெர்னீஸ் என்னிடம் சொன்னாள்:

“இவனுக்கு அப்பன் ஒருத்தன் இருந்தான். குடிகாரன். உருப்படாதவன். அவன்கூட ஆஸ்பத்திரிக்கு வந்துட்டுத்தான் போனான்.”

சலீனாஸ் என்னிடம் எளிய கேள்விகளாகக் கேட்டார். காலையில் அவனை எழுப்புவது யார்? அணி. எத்தனை மணிக்கு? ஐந்துக்கு. விதிப்படி வாரம் எத்தனை மணி நேரம் பயிற்சி? இருபது. உண்மையில்? நாற்பத்து மூன்று, நாற்பத்து நான்கு. மிச்சமுள்ள இருபத்து நான்கு மணி நேரம்? அது விருப்பப் பயிற்சி. விருப்பம் இல்லை என்றால்? வருகைப் பதிவு உண்டு, வராதவன் மறுநாள் மைதானத்தின் படிகளில் எண்பது வரிசை ஏறி இறங்க வேண்டும்.

நீதிபதி வயதானவர், மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்தார். நான் சலீனாஸிடம் கொடுத்திருந்த அட்டவணைகளில் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

“இதுல படிப்பு எந்தக் கலரும்மா?”

“பச்சைங்க.”

கொஞ்ச நேரம் தேடினார். கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு மறுபடி தேடினார். பிறகு, சலீனாஸ் குறிப்பிட்டிருந்த, வாசலில் தொங்கும் பலகையைப் பற்றிக் கேட்டார். அது உற்சாகப்படுத்துவதற்காகச் சொல்லும் ஒரு பேச்சுவழக்கு, அதற்குச் சட்டப் பொருள் கிடையாது என்று பல்கலைக்கழக வக்கீல் எழுந்து சொன்னார். நீதிபதி எழுதிக்கொண்டார்.

அடுத்து அந்த வக்கீல் என்னிடம் வந்தார். பையனுக்குப் படிப்பும் தங்குமிடமும் சாப்பாடும் இலவசமாகக் கிடைத்தன அல்லவா? கிடைத்தன. இது ஒரு மாணவனுக்கு எவ்வளவு பெரிய வாய்ப்பு? பெரிய வாய்ப்புதான். படிக்க விரும்பினால் படித்திருக்கலாம் அல்லவா? அப்போது நான் கெமிஸ்ட்ரியைப் பற்றிச் சொன்னேன். ஆய்வுக்கூடம் எந்த நேரம், கூட்டம் எந்த நேரம், துணைப் பயிற்சியாளர் என்ன சொல்லிச் சிரித்தார், எல்லாம். அவர் அசரவில்லை. ஒரு தாளை எடுத்து என் முன்னால் வைத்தார்.

“இது யார் கையெழுத்துங்க?”

“என்னோடது.”

“பாடத்த மாத்துங்கன்னு உங்கள யாராவது கட்டாயப்படுத்தினாங்களா?”

“இல்ல.”

“பையன?”

“இல்ல. யாரும் யாரையும் கட்டாயப்படுத்தல. அங்க எல்லாமே அப்படித்தான் நடக்குது.”

கடைசி வாக்கியத்தைக் குறிப்பிலிருந்து நீக்க வேண்டும் என்று அவர் கேட்டார். நீக்கினார்கள்.

கார்டெலைக் கூண்டில் ஏற்றியபோது அவனிடம் ஒரே ஒரு கேள்விக்குத்தான் நீளமான பதில் வந்தது. பணம் வேண்டும் என்பதற்காகத்தானே இந்த வழக்கு என்று அந்த வக்கீல் கேட்டார். அவன் அம்மாவைப் பார்த்தான், பிறகு நீதிபதியைப் பார்த்துப் பேசினான்.

“ஆமாங்கய்யா, பணம்தான். அத ஏன் கேவலமா கேக்கறாங்கன்னு தெரியல. கோச்சுக்குப் பணம், டிவிக்காரனுக்குப் பணம், டிக்கெட் கிழிக்கிறவருக்குக்கூட மணிக்கு ஒம்பது டாலர். அவங்களையெல்லாம் பாத்து ஆட்டத்து மேல ஆசை இல்லையான்னு யாரும் கேக்கல. எனக்கும் ஆசை இருந்துச்சு. எங்கிட்ட மட்டும் அது போதும்னாங்க. நான் சம்பளம் கேட்டு வரலைங்க. கால் போச்சு. கால சரி பண்ணுங்கன்னு கேக்க வந்தேன்.”

தட்டச்சு செய்யும் பெண், ‘டிக்கெட் கிழிக்கிறவர்’ என்றுதானே சொன்னீர்கள் என்று கேட்டு உறுதி செய்துகொண்டாள்.

தீர்ப்பு ஏப்ரலில் ஆறு பக்கத்தில் வந்தது. மனுதாரருக்கு நேர்ந்தது வருந்தத்தக்கது. ஆனால் அவருக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையில் வேலை ஒப்பந்தம் இல்லை. அவர் முதலில் மாணவர். எனவே ஊழியர் அல்லர். மனு தள்ளுபடி. அதற்குள் அறுவை சிகிச்சைக்கான ஆறு மாதக் கெடு முடிந்து இன்னொரு ஆறு மாதமும் ஓடிவிட்டது. வென்றிருந்தாலும் நரம்பு திரும்பி வந்திருக்காது. அதே வாரத்தில் பர்டெட்டின் ஒப்பந்தத்தை இன்னும் ஐந்து வருடத்துக்கு நீட்டித்தார்கள். செய்தியாளர்கள் முன்னால் அவர் அதை ஒப்பந்தம் என்றே சொன்னார்.

முதலில் மாணவர் என்று தீர்ப்பு சொல்லிவிட்டது அல்லவா? வெர்னீஸ் அந்தப் பக்கத்தை நகல் எடுத்துக்கொண்டு, மகனையும் கூட்டிக்கொண்டு நேராகப் பல்கலைக்கழகப் பதிவாளர் அலுவலகத்துக்கு வந்தாள். நானும் கூடப் போனேன். என் பையன் மாணவன் என்று அரசாங்கமே சொல்லியிருக்கிறது, கெமிஸ்ட்ரி வகுப்பில் இடம் கொடுங்கள் என்று கேட்டாள். கவுண்டரில் இருந்த பெண் கணினியில் பார்த்துவிட்டு, பெயர் செயலில் இல்லை என்றாள். மறுபடி சேர விண்ணப்பக் கட்டணம் அறுபது டாலர், பிறகு ஒரு பருவத்துக்கான முழுக் கட்டணம். அவள்மேல் தப்பில்லை, திரையில் இருந்ததைத்தான் சொன்னாள். வெர்னீஸ் கவுண்டரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“காசு கேட்டா ஸ்டூடண்ட்டுங்கறீங்க. படிக்க வந்தா ஸ்டூடண்ட் இல்லங்கறீங்க. எம்பையன் இங்க ரெண்டு வருசம் யாரா இருந்தான்னு ஒருத்தராவது சொல்லுங்க. நான் போயிடறேன்.”

வரிசையில் பின்னால் நின்ற பையன்கள் செல்போனிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். கவுண்டர் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. கார்டெல் அம்மாவின் தோளில் கை வைத்து, “வாம்மா, போலாம்” என்றான்.

இலையுதிர் காலத்தில் என்னைக் கார் நிறுத்த அனுமதிச்சீட்டு தரும் அலுவலகத்துக்கு மாற்றினார்கள். சம்பளம் குறையவில்லை. அந்த அறைக்கு ஜன்னல்கூட இருந்தது. நான் எட்டு மாதம் தாக்குப்பிடித்துவிட்டு ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

கார்டெல் சொந்த ஊருக்குப் பக்கத்தில் உள்ள இரண்டாண்டுக் கல்லூரியில் சேர்ந்தான். எங்களிடம் அவன் தேறிய பாடங்களில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் அங்கே ஏற்றுக்கொண்டார்கள். முகாம் நிர்வாகம், பூங்காப் பராமரிப்பு எல்லாம் மருந்தியலில் எந்த மூலைக்கு ஆகும்? பகலில் மருந்துக்கடையில் நின்றான், மாலையில் படித்தான். அங்கிருந்து மருந்தியல் கல்லூரிக்கு மாறினான். மொத்தம் ஒன்பது வருடம் பிடித்தது. மருந்தாளர் ஆகிவிட்டான். இதைச் சொன்னால் கேட்பவர்கள் முகம் மலர்கிறது, பார், கடைசியில் எல்லாம் நல்லபடியாக முடிந்ததே என்கிறார்கள். எனக்கு அப்போதுதான் பற்றிக்கொண்டு வரும். ஒன்பது வருடத்தில் அவனாக மருந்தாளர் ஆனான். நான்கு வருடத்தில் படிக்க வைத்துப் பட்டம் தருவதாகச் சொல்லிக் கூட்டி வந்தவர்கள் நாங்கள்.

இப்போது விதிகள் மாறிவிட்டன. பையன்கள் விளம்பரத்தில் வருகிறார்கள், பணம் வாங்குகிறார்கள். சிலர் பயிற்சியாளரைவிட நல்ல காரில் வருகிறார்கள் என்று ஊரே வயிறெரிகிறது. இந்தச் செய்தி வந்த அன்று கார்டெலுக்குப் போன் செய்தேன். கடையில் கூட்டம், பின்னால் குரல்கள் கேட்டன. வாங்கட்டும், நல்லா வாங்கட்டும் என்றான். உண்மையாகவே சந்தோஷப்பட்டான். பிறகு கேட்டான்:

“முட்டித் தள்ளுறவனுக்கும் கிடைக்குதா மிஸ்? இல்ல, பந்து வச்சிருக்கறவனுக்கு மட்டுமா?”

விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். விசாரித்தேன். பந்து வைத்திருப்பவனுக்கு லட்சக்கணக்கில் கிடைக்கிறதாம். முன்னால் நிற்கும் ஐந்து பேருக்கு, ஊரில் உள்ள ஒரு மெத்தைக் கடை ஆளுக்கு ஒரு மெத்தை கொடுத்ததாம். காயம்பட்டால் இழப்பீடு உண்டா என்று கேட்டேன். போனில் பேசியவன் சின்னப் பையன், மரியாதையாகத்தான் பேசினான். அதற்கு அவர்கள் ஊழியர்களாக இருக்க வேண்டும் மேடம் என்றான்.